வெண்கலத்தில் ஒரு கைத்தவறு

ஆஸ்டர் கிரீக் கல்லூரியின் விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் இடம்பெற ஒருவர் உயிரோடு இருந்தாக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. உயிரோடு இருந்துவிட்டால் மட்டும் பத்தொன்பது பக்கப் படிவத்தை அவரே நிரப்பித் தர வேண்டும்.

வெர்ன் குபாட் உயிரோடு இருந்தார். வயது ஐம்பத்தேழு. நெப்ராஸ்காவின் சோளக் காடுகளில் வட்டமடித்தபடி தண்ணீர் தெளிக்கும் நீளமான குழாய் எந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். அந்த வட்டாரத்தில் யார் வயலில் எந்திரம் பாதியில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரியிலிருந்து அந்தத் தடித்த உறை வந்த ஜூன் மாதக் காலையில்கூட அவர் முழங்கைவரை கிரீஸோடு ஒரு பற்சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

உறையைக் கொண்டுவந்தவர் டெல் ஹாகன். கிராமத்துத் தபால்காரர்கள் பலரையும்போல டெல்லும், சாலையோரத் தபால் பெட்டிகளுக்குக் கை எட்டுவதற்காக வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த சொந்த ஜீப்பில், பெட்டி பெட்டியாக நிறுத்தித் தபால் போடுகிறவர். தினமும் எழுபத்தொரு மைல். அந்த எழுபத்தொரு மைலிலும் யாருக்குப் பார்சல் கொடுத்தாலும் அவருக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: "கீழ போட்டுராத, டெல்." விவசாயிகள் சொல்வார்கள். அவர்களுடைய மனைவிமார் சொல்வார்கள். 1989இல் பிறந்தே இராத பிள்ளைகளும், எதற்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே, வணக்கம் சொல்வதுபோலச் சொல்வார்கள். டெல் ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பார். அந்த வட்டாரத்தில் அதை ஒருபோதும் சொல்லாதவர் வெர்ன் ஒருவர்தான்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

1989 மே பதின்மூன்று, சனிக்கிழமை. ஆஸ்டர் கிரீக் கல்லூரியின் சீறும் கௌதாரிகள் பேஸ்பால் அணிக்கு வெர்ன் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். டெல் ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நின்று பந்து பிடிக்கிறவர். அன்று கான்சஸிலிருந்து வந்த அணியின் சார்பில் இருபத்தெட்டு முறை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆள் வந்தது. அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸைத் தொட்டவன் ஒரே ஒருவன். அவனும் வராமல் இருந்திருந்தால் அது முழுமை ஆட்டம். கல்லூரியின் நூறு வருடத்தில் யாருமே ஆடாதது.

பேஸ்பாலில் ஒருவன் தன் அடியின் பலத்தால் பேஸுக்குப் போனால் அது ஹிட். பிடிக்கிறவன் கோட்டைவிட்டதால் போனால் அது பிழை. கோட்டைவிட்டவன் பெயரில் எழுதப்படும். இரண்டில் எது என்று தீர்மானிப்பவர் நடுவர் அல்ல, பென்சிலும் நோட்டுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர். அன்று ஸ்கோரராக இருந்தவன் அந்தக் கல்லூரி மாணவனே.

ஏழாவது இன்னிங்ஸ். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்சர் விரலைக் காட்டிக் கேட்டது வளையும் பந்து. வெர்ன் தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சோம்பலாக ஒரு நேர்பந்தைப் போட்டார். எதிரணியின் ஒல்லிப் பையன் ஒருவன் அதை விளாசினான். தரையோடு சீறி வந்த பந்துக்கு டெல் நாலே எட்டில் பாய்ந்து, உடம்பை முழு நீளத்துக்கு நீட்டினார். புல்லும் மண்ணும் சேருகிற விளிம்பில் பட்ட பந்து துள்ளி அவர் தோளைத் தாண்டிப் போய்விட்டது. கையுறையின் நுனியை உரசியதா என்பதே சந்தேகம். பலகையில் ஹிட் என்ற விளக்கு எரிந்தது. மைதானத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது ஹிட்தான் என்று தெரியும். பத்து நிமிடம் கழித்து அந்த விளக்கு அணைந்து பிழை என்ற விளக்கு எரிந்தது. வெர்ன் அதைப் பார்த்தார். தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு அடுத்த பந்தைப் போட்டார்.

மறுநாள் பத்திரிகையில் ஹிட்டே கொடுக்காத வெர்ன் குபாட்டின் படம் வந்தது. முழுமையைக் கெடுத்த டெல் ஹாகனின் பெயர் அதற்குக் கீழே வந்தது.

படிவத்துக்கு வருவோம். உங்கள் வாழ்வின் மிகப் பணிவான தருணத்தை ஐம்பது சொற்களுக்குள் விவரிக்கவும் என்றது நான்காம் பக்கம். ஏழாம் பக்கம் உங்கள் தொப்பியின் அளவு என்ன, அது புகழால் மாறியதா என்று கேட்டது. பதினோராம் கேள்வி: நீங்கள் கடந்துவந்த தடை. வெர்ன் அதை வெறுமனே விட்டுவிட்டு அனுப்பினார்.

ஜூலையில் கல்லூரியின் மரபு ஒருங்கிணைப்பாளர் டேரா லிண்ட் தொலைபேசியில் கூப்பிட்டாள். இருபத்து நான்கு வயது இருக்கும். குரலில் அத்தனை கனிவு. பதினோராம் கேள்விக்குப் பதில் இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறதாம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: காயம், வறுமை, குடும்பத் துயரம், சக வீரர்.

தோள் வலித்ததே இல்லை, அப்பா குடித்ததில்லை, அம்மா தினமும் இரண்டு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள் என்று வெர்ன் உள்ளதைச் சொன்னார்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார்," என்றாள் டேரா. "சின்னதா ஒரு வறுமைகூட இல்லையா?"

"இல்லையேம்மா."

மறுமுனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. பழைய பத்திரிகை நறுக்கு ஒன்று கோப்பில் இருக்கிறது, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வருத்தத்தோடு அவரை வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் வெண்கலப் பலகையின் மாதிரி தாளில் வந்தது. வெர்னின் மனைவி லொரெட்டா சமையலறை மேசையில் வைத்து உரக்கப் படித்தாள். முப்பத்தொரு வெற்றிகள், ஹிட் தராத ஆட்டத்தின் நாயகர் என்பதுவரை சரியாக இருந்தது. அதன் பிறகு: "சக வீரர் டெல்பர்ட் ஹாகனின் கைத்தவறு முழுமையைப் பறித்த வேளையிலும் தளராது, மன்னிக்கும் மாண்பால் கௌதாரி உள்ளத்துக்கு இலக்கணமானவர்."

லொரெட்டா கண்ணாடியைக் கழற்றினாள். "நீ எப்ப அவனை மன்னிச்ச? எதுக்கு மன்னிச்ச?"

வெர்ன் தாளைக் கவிழ்த்து வைத்தார். புகழ் மண்டபம் என்பது உண்மையில் மண்டபம் அல்ல. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நீச்சல் குளத்துக்குப் போகிற தாழ்வாரம். ஒரு பக்கம் குளிர்பான எந்திரம், மறுபக்கம் இருநூற்றுப் பதினொரு வெண்கலப் பலகைகள், நடுவில் குளோரின் வாடை. டெல்லின் கடைசி மகள் இந்த இலையுதிர் காலத்தில்தான் அதே கல்லூரியில் நீச்சல் அணியில் சேர்கிறாள். தினமும் காலை ஆறு மணிக்கு அந்தத் தாழ்வாரத்தில் நடந்து போகப்போகிறாள். ஊர்க்காரர்கள் வாயால் சொன்னதைக் கல்லூரி வெண்கலத்தில் வார்த்து அவள் கண்ணெதிரே மாட்டப்போகிறது.

பெருமையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று முதலில் பார்த்தார். புகழ் மண்டபத்திலிருந்து விலகுவதற்கான படிவம், இடம்பெற்றவர்களுக்கு மட்டுமே வழங்கப்படும் என்று டேரா தெரிவித்தாள். அந்தப் பதிலைக் கேட்டபோது உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்ததை வெர்ன் கவனித்தார். அவருக்கும் அந்தச் சுவரில் இருக்க ஆசைதான். முப்பத்தைந்து வருடமாக ஆசை.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் ராய்ஸ் டில்லார்டைப் பார்க்கப் போனார். டில்லார்ட், விளையாட்டு மேன்மைக்கும் மரபுக்கும் கதைசொல்லலுக்குமான துணைத்தலைவர். அறையின் வாசலில் பெயர்ப்பலகை இரண்டு கதவுக்கும் நீண்டிருந்தது. ஒரு கதவைத் திறந்தால் அவர் மேன்மைக்கு மட்டுமே துணைத்தலைவர் ஆகிவிடுவார். 1989இல் பென்சிலோடு உட்கார்ந்திருந்த மாணவனும் அவர்தான்.

வெர்ன் விஷயத்தைச் சொன்னார். அது ஹிட். டெல் பேரில் பிழை கிடையாது. பலகையில் அந்த வரியை எடுத்துவிட வேண்டும், ஏட்டையும் திருத்த வேண்டும்.

டில்லார்டுக்குக் கோபம் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோபம் வருவதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பழைய நண்பனிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"வெர்ன், நான் அந்தப் பந்தைப் பாக்கவே இல்ல. சூரியகாந்தி விதை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா யாரோ ஹிட்டுன்னு விளக்கைப் போட்டு வச்சிருக்காங்க. நம்ம செய்தி அதிகாரி ஓடி வந்து, தம்பி, பிழைன்னா நாளைக்குப் படத்தோட வரும், ஹிட்டுன்னா வராதுன்னார். பந்தைப் பாத்திருந்தா எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும். பாக்காததாலதான் பாரபட்சம் இல்லாம முடிவெடுக்க முடிஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே செய்தி அலுவலகத்துல எனக்கு வேலை குடுத்தாங்க. இன்னைக்கு நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்னா, அந்த ஒரு முடிவுதான் காரணம்."

"அப்ப அது பொய்ன்னு ஒத்துக்கறீங்க."

"பொய்யுன்னு ஏன் சொல்றீங்க? அது மரபு. நடந்தது என்னங்கறது வேற துறை. எங்க துறையில நாங்க எதைச் சட்டம் போட்டு மாட்டறோமோ, அதைப் பாத்துக்கறோம்."

பிறகு அவர் விதியை எடுத்துக் காட்டினார். ஸ்கோரரின் தீர்ப்பை ஆட்டம் முடிந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திருத்தலாம். அந்தக் கெடு 1989 மே பதினான்கு, மாலை நான்கு பத்துக்கு முடிந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அதோடு அன்னையர் தினம், அலுவலகம் பூட்டியிருந்தது. ஆனாலும் கல்லூரி நியாயத்தின் கதவை யாருக்கும் மூடுவதில்லை என்பதால், உண்மைகள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு அவர் மனுச் செய்யலாம்.

வெர்ன் மனுச் செய்தார். தேடிப்பிடித்து ஒரு சாட்சியும் சேர்த்தார். அன்று பந்தை விளாசிய ஒல்லிப் பையன் இப்போது சலைனாவில் பருத்த பல் மருத்துவர். அந்த வருடம் முழுக்கத் தான் அடித்தது மொத்தமே இரண்டு ஹிட், அதில் ஒன்றை நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, பல்வலி வந்தால் வரச்சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் டில்லார்ட். இரண்டாமவர் கல்லூரிப் பாதிரியார். மூன்றாவது, மாணவர் பிரதிநிதி. அந்த இடம் தொன்றுதொட்டு, ஆட்டங்களின்போது கௌதாரி வேடம் போடும் மாணவருக்கு உரியது. வேடத்தோடுதான் வர வேண்டும். வேடத்தில் இருக்கும்போது பேசக் கூடாது. ஆக, ஐந்தே முக்கால் அடி உயரத்தில், மஞ்சள் அலகும் பஞ்சு மார்புமாக ஒரு கௌதாரி மேசைக்கு எதிரே உட்கார்ந்து வெர்னின் வாக்குமூலத்தைக் கண் இமைக்காமல் கேட்டது.

முதலில் எதிரணிக்காரர் பாரபட்சம் உள்ளவர் என்பதால் பல் மருத்துவரின் கடிதம் தள்ளப்பட்டது. அடுத்து, இது தன்னுடைய பழைய தீர்ப்பைப் பற்றிய விஷயம் என்பதால் டில்லார்ட் அறநெறிப்படி விலகிக்கொண்டு வெளியே போனார். தலைவர் இல்லாமல் குழு முடிவெடுக்க முடியாது என்பதால் அவரையே உள்ளே கூப்பிட்டு, குழுவால் முடிவெடுக்க முடியவில்லை என்பதை அறிவிக்கச் சொன்னார்கள். பாதிரியார் ஜெபித்தார். கௌதாரி இறக்கைகளை மார்பின்மேல் மடித்துக்கொண்டது. அது நடுநிலை என்று குறிப்பில் எழுதப்பட்டது.

பத்து நாளில் கடிதம் வந்தது. தன் சாதனையைத் தானே குறைத்துக்கொள்ள முன்வந்த மனுதாரரின் பணிவு குழுவை நெகிழவைத்துவிட்டது. ஆகவே அவருடைய பலகை எட்டு அங்குலத்திலிருந்து பன்னிரண்டு அங்குலமாக உயர்த்தப்படுகிறது. எழுத்துகளும் அதே விகிதத்தில் பெரிதாகும்.

டெல்லின் பெயரும் அதே விகிதத்தில் பெரிதாகும் என்பதைக் கடிதம் தனியாகச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் டெல்தான். விழாவுக்குத் தன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், மேடைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று தன் பங்குக்கு ஓர் உறையைக் காட்டினார். கல்லூரியிலிருந்து முப்பத்தைந்து வருடத்தில் அவருக்கு வந்த முதல் அழைப்பு. புது கோட்டு வாங்கலாமா என்று கேட்டார். வெர்ன் வாயைத் திறந்தார். பற்சக்கரத்தைப் பற்றி ஏதோ சொன்னார்.

அக்டோபரில், விழாவுக்கு முந்தின நாள் மாலை, உடற்பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை. டேரா காதில் ஒரு கருவியும் கையில் அட்டையுமாக நின்று நிகழ்ச்சி நிரலை விளக்கினாள். உரைக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் ஒலிபெருக்கி அணைந்து வாத்தியக் குழு ஆரம்பித்துவிடும். உரை ஏற்கெனவே எழுதி ஒப்புதல் ஆகிவிட்டது. அதில் டில்லார்டுக்கு நான்கு இடத்தில் நன்றி இருந்தது. உரை முடிந்ததும் மன்னிப்புத் தருணம். வெர்ன் மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பந்தை மெதுவாகப் போடுவார். மிஸ்டர் ஹாகன் அந்தப் பக்கம் கையுறையோடு நின்று அதைத் தவறவிடுவார். முரசு உருளும். வெர்ன் நடந்து போய் அவரைக் கட்டித் தழுவி மன்னிப்பார்.

டெல் அட்டையை வாங்கிப் படித்தார். வெர்னைப் பார்க்கவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொன்ன இடத்தில் போய் நின்றார்.

வெர்ன் பந்தைப் போட்டார். டெல் பிடித்தார். டேரா பரவாயில்லை என்று சொல்லி மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் பிடித்தார். மூன்றாவது, நான்காவது. கையுறையை விரித்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். விரித்தார், பந்து உள்ளே விழுந்ததும் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூடிக்கொண்டே பிடித்தார். பதினேழாவது பந்துக்குப் பிறகு கையுறையில் கொஞ்சம் வாஸ்லின் தடவலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கும் ஆசைதாம்மா," என்றார் டெல். "முப்பத்தஞ்சு வருஷமா ஊரே போடாத போடாதன்னு சொல்லிச்சு. இப்பப் போடுன்னா கை கேக்க மாட்டேங்குது."

நாளைக்குத் தானாக வந்துவிடும் என்று டேரா தைரியம் சொல்லி அனுப்பினாள்.

வாகனம் நிறுத்துமிடத்தில் டெல் ஜீப்பின் கதவைத் திறந்தபோது வெர்ன் எதிரே போய் நின்றுகொண்டார். எல்லாவற்றையும் சொன்னார். மறுத்த வளைபந்து, மாறிய விளக்கு, டில்லார்டின் சூரியகாந்தி விதை, கௌதாரியின் இறக்கை. கோர்வையாக வரவில்லை, சொன்னதையே சொன்னார். டெல் கேட்டுக்கொண்டே கையுறையைப் பின் இருக்கையில் தபால் தட்டுகளுக்கு நடுவே வைத்தார்.

"விளக்கு மாறினப்ப நீ தொப்பியை இறக்கினியே, அதைப் பாத்தேன்டா," என்றார்.

"அப்பவே தெரியுமா? ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

ஜீப் போய்விட்டது. வெர்ன் தன் வண்டியைக் கிளப்பாமல், எதிர் மைதானத்தின் ஸ்கோர் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பலகை இப்போது புதிது. அதை நன்கொடையாகக் கொடுத்த உரக்கடைக்காரர், எந்த விளையாட்டும் ஆடாமலே, கௌரவ விளையாட்டு வீரராகப் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்.

மறுநாள் விழாவுக்கு நானூறு பேர் வந்திருந்தார்கள். வறுத்த கோழி, பச்சை பீன்ஸ், உருளைக்கிழங்கு மசியல். பாதி ஊர் அங்கேதான் இருந்தது. டெல்லின் தபால் பெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்லின் மகள் நீச்சல் அணிப் பெண்களோடு பின் வரிசையில் இருந்தாள். பன்னிரண்டு அங்குலப் பலகை மேடையில் நீலத் துணிக்குள் காத்திருந்தது. மரபு என்பது நம்மை நாமே அடையாளம் கண்டுகொள்ளும் கண்ணாடி, அதைத் துடைப்பதே தன் பணி என்று டில்லார்ட் பதினைந்து நிமிடம் பேசினார். அவருக்கு விளக்கு கிடையாது.

வெர்ன் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார். பச்சை எரிந்தது. ஒப்புதல் ஆன தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"ஏழாவது இன்னிங்ஸ்ல போன அந்தப் பந்து ஹிட்," என்றார். "நான் மோசமாப் போட்டேன், அவன் நல்லா அடிச்சான். டெல் மட்டும் இல்ல, யாராலயும் அதைப் பிடிச்சிருக்க முடியாது. ஸ்கோர் எழுதின மிஸ்டர் டில்லார்ட் அப்ப விதை வாங்கப் போயிருந்தார், அதை அவரே எங்கிட்ட சொன்னார். விளக்கை மாத்தினாங்க. நான் பாத்துட்டுப் பேசாம இருந்தேன், படம் வரணும்னு. நீங்க எல்லாரும் முப்பத்தஞ்சு வருஷமா அவனைக் கிண்டல் பண்ணினப்பவும் பேசாம இருந்தேன். நான் ஹிட் குடுக்காத ஆட்டம்னு ஒண்ணு ஆடினதே இல்ல."

மஞ்சள் எரிந்தது.

"இங்க நான் அவனை மன்னிக்கணும்னு எழுதியிருக்கு. டெல், நீதான்டா என்னை மன்னிக்கணும்."

நிரலில் அடுத்து என்ன இருந்ததோ அதைக் கை தானாகச் செய்தது. பந்தைப் போட்டார். புதுக் கோட்டில் நின்ற டெல் அதைப் பிடித்தார்.

பந்து விழுந்ததும் முரசை உருட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்த வாத்தியக்காரப் பெண், குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். பின் வரிசையில் டெல்லின் மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

டில்லார்ட் மேடையைக் கடந்து வந்து வெர்னின் தோளில் கை போட்டார். அவர் கண்களில் உண்மையாகவே நீர் இருந்தது.

"பாத்தீங்களா," என்றார் ஒலிபெருக்கியில். "தன் சாதனையையே இல்லன்னு சொல்ற அளவுக்கு ஒரு பணிவு. நண்பனுக்காக இப்படி ஒரு பெருந்தன்மை. இதை எந்தக் கல்லூரியில கத்துத் தருவாங்க? இதுதாங்க கௌதாரி உள்ளம்."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. இது பணிவு இல்லை, நடந்தது என்று வெர்ன் சொன்னார். சிவப்பு எரிந்துகொண்டிருந்ததால் அது முதல் மேசைக்குக்கூடக் கேட்கவில்லை. நீலத் துணி விலகியது. வாத்தியக் குழு கல்லூரிப் பாட்டை ஆரம்பித்தது. வேடமிட்ட கௌதாரி மட்டும் இறக்கைகளைத் தொங்கவிட்டபடி டெல்லையே பார்த்துக்கொண்டு நின்றது.

பலகை மாட்டப்பட்டது. ஒரு வாரம் கழித்து அதன் கீழே மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று சேர்க்கப்பட்டது: "நாயகர் பணிவின் காரணமாக மேற்கண்டதை மறுத்துள்ளார்." தினமும் ஆறு மணிக்குக் குளத்துக்குப் போகிற டெல்லின் மகள், திரும்பும்போது ஈரத் துண்டை அந்தப் பலகையின் மேல் தொங்கவிட்டுப் போக ஆரம்பித்தாள். அடுத்த வாரம் அணி முழுவதும் அதையே செய்தது. வெண்கலத்தின் மேல் துண்டு போடக் கூடாது என்று கல்லூரி அறிவிப்பு ஒட்டியது. அறிவிப்பின் மேலும் ஒரு துண்டு தொங்கியது.

ஆனால் கோழி சாப்பிட்ட நானூறு பேருக்கும் காது இருந்தது. எழுபத்தொரு மைலில் அந்தப் பழைய வாக்கியம் மெல்ல மெல்ல நின்றுபோனது. அதற்குப் பதில் வேறொன்று முளைத்தது. வெர்ன் குழாய் பழுதுபார்க்கப் போகிற வயல்களில் யாராவது வேலியில் சாய்ந்துகொண்டு, "ஒண்ணு அடிச்சுட்டானாமே, வெர்ன்," என்பார்கள். அவர் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே, அடித்துவிட்டான் என்பார்.

மார்ச் மாதம், உருகின பனியில் சாலையெல்லாம் சேறாக இருந்த ஒரு நாள், டெல்லின் ஜீப் வெர்னின் பட்டறை வாசலில் நின்றது. அவர் கையில் அதே தடித்த உறை. இந்த முறை முகவரி அவருடையது. ஏற்கெனவே பிரித்திருந்தார். அடுத்த வருடப் புகழ் மண்டபத்துக்கு டெல்பர்ட் ஹாகன் முன்மொழியப்பட்டிருக்கிறார், பிரிவு, மன்னிக்கப்பட்டவர்கள். பத்தொன்பது பக்கப் படிவத்தில் பெரும்பகுதியை டேராவே அன்போடு நிரப்பி அனுப்பியிருந்தாள்.

டெல் ஜன்னல் வழியாகப் பதினோராம் கேள்வியை விரலால் காட்டினார். கடந்துவந்த தடை: சக வீரர்.

வெர்ன் அதை இரண்டு முறை படித்தார்.

"அந்த ஆபீஸ்லேருந்து முதல் தடவையா ஒண்ணு சரியா வந்திருக்கு," என்றார் டெல்.

"நிரப்பி அனுப்பப் போறியா?"

டெல் படிவத்தை உறைக்குள் திரும்ப வைத்து ஒட்டுநாடாவால் மூடினார். பிரித்த தபாலை அப்படித் திருப்பி அனுப்ப விதி இடம் தராது என்பது அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நடந்தது வேறு, எழுதுவது வேறு என்று கல்லூரியிடமிருந்து கற்றுக்கொண்ட ஒன்றே ஒன்றை அன்று பயன்படுத்துவதாகச் சொல்லிவிட்டு, பெறுநர் மறுத்துவிட்டார் என்ற ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி உறையின் நடு நெற்றியில் குத்தினார். போகும் தபால்களின் தட்டில் அதைப் போட்டார்.

பிறகு பின்னால் கையை விட்டு, வெர்னுக்கு வந்திருந்த வால்வுப் பார்சலை எடுத்து, கொடுப்பதற்குப் பதிலாக ஜன்னல் வழியே விட்டெறிந்தார். வெர்ன் இரண்டு கையையும் நீட்டினார். பார்சல் கிரீஸ் பட்ட விரல்களுக்கு நடுவே நழுவி நெஞ்சில் இடித்துச் சேற்றில் விழுந்தது.

வெர்ன் குனிந்து அதை எடுத்தார்.

டெல் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "பிழைன்னு எழுதிக்கறேன்," என்றார். "நான் பாத்துட்டுத்தான்டா எழுதறேன்."

ஜீப் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தது.